குப்பை என்று வாரியது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைப் பொறுத்தவரை நலம்தான், புத்திக்குத்தான் என்னவோ ஆகியிருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை, செய்தி அனுப்பினாலும் பதில் இல்லை. அதனால் உன் அலுவலக முகவரிக்கே எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

குளத்து விஷயம்தான். அன்றைக்குக் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன், அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்விட்டாய். ஆனால் நீ ஆரம்பித்து வைத்த கையெழுத்து வேட்டை நிற்கவில்லை. இரண்டாயிரத்தைத் தாண்டியது. எல்லா மனுவும் என் ஜெராக்ஸ் கடையில்தான் ஓடியது, மிஷின் இரண்டு தடவை சூடாகி நின்றுவிட்டது. பாதிக் குளத்தை மூடி வண்டி நிறுத்துமிடம் கட்டக் கூடாது என்று நகராட்சி வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றோம். உன் அத்தானும் வந்தார். அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார், பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது.

கடைசியில் நகராட்சிக்காரர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். ஓர் அதிகாரி வந்து குளத்தில் என்னென்ன வாழ்கிறது, எதெது குஞ்சு பொரிக்கிறது என்று கணக்கெடுப்பார், அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் குளமா, வண்டி நிறுத்துமிடமா என்று முடிவு செய்வோம் என்றார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அதற்கப்புறம்தான் நம் ஆட்கள் தங்கள் கைவரிசையைக் காட்டினார்கள்.

நம் குளப் பாதுகாப்புக் குழுவின் தலைவரைத்தான் உனக்குத் தெரியுமே, டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர், இன்னும் எல்லாரையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர். அதிகாரி வரும்போது குளம் பளிச்சென்று இருக்க வேண்டாமா, விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைப் பெருக்க மாட்டோமா என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் ஒரே மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் கையுறை கொடுத்தார். மூன்று பக்கக் கரையிலும் கோரையை அடியோடு அறுத்தார்கள். மிதந்த பாசியை எல்லாம் வாரிக் கரையில் கொட்டினார்கள். மதியத்துக்குள் குளம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது. இப்பதான் பார்க்கிற மாதிரி இருக்கு என்று தலைவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார், ஆளாளுக்குப் படம் எடுத்துக்கொண்டார்கள். வாய்க்கால் பக்கம் மட்டும் தப்பித்தது. அதுவும் இரக்கத்தால் இல்லை, சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

இதைப் படிக்கும்போது நீ தலையில் அடித்துக்கொள்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. உன் அத்தான் அன்றைக்கு வாரிய வாரலில் முதுகு பிடித்துக்கொண்டு நான்கு நாள் படுத்திருந்தார், அதையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். நாற்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவர். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் குளத்தைச் சுற்றினார். பிறகு, இங்கே கோரை இருந்ததா என்று கேட்டார். இருந்துச்சு மேடம், ஒண்ணு விடாம எடுத்துட்டோம் என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா மொட்டைக் கரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம், அப்போ இந்தப் பறவைங்க எல்லாம் எங்க போய் முட்டையிடும் என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். இங்கே எதுவும் குஞ்சு பொரிக்கிறது என்று எழுத எனக்கு ஓர் ஆதாரமும் இல்லை, இப்படியே எழுதிக் கொடுத்தால் நகராட்சிக்குத்தான் வசதி என்றார் அதிகாரி. தலைவர் இடுப்பில் வைத்திருந்த கையை இறக்கினார்.

இவ்வளவு நேரம் ஊரைத் திட்டி எழுதிவிட்டேன். இனி என்னைப் பற்றி எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் வாரினேன்.

தண்ணீர் நடுவில் அழுகின பாசி ஒரு குவியலாக மிதந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. நீளக் கம்பு போட்ட வாருகோலால் இழுத்துக் கரையில் கொட்டினேன். அதற்குள்ளிருந்து மூன்று முட்டைகள் உருண்டு வந்தன. ஒன்று உடைந்துவிட்டது. குவியல் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பறவை முங்கி முங்கி எழுந்தது, கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் உறைத்தது. முக்குளிப்பான் கூட்டை விட்டுப் போகும்போது முட்டை மேல் பாசியை இழுத்து மூடிவிட்டுப் போகும், தெரியாதவன் கண்ணுக்குக் குப்பையாகத்தான் தெரியும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஆறு வருஷம் எங்கள் வீட்டில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாய். நான் ஆறு வருஷமும், சாப்பாடு ஆறுது, முதல்ல சாப்பிடு என்றுதான் சொன்னேன்.

மிச்ச இரண்டு முட்டையையும் ஜெராக்ஸ் பேப்பர் வந்த பெட்டியில் வைத்துக் கடையில் ஒளித்தேன். உன் அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

வியாழக்கிழமை அதிகாரி கிளம்பப் போனார். நான் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று தலைவர் கண்ணைக் காட்டினார், மானம் போகிறதே என்று அவருக்கு. நான் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அந்த அம்மா முட்டைகளைப் படம் எடுத்தார், கரையில் காய்ந்து கிடந்த குவியலையும் எடுத்தார். பிறகு எழுதியதை என்னிடம் நீட்டிச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டார். முக்குளிப்பான் இங்கே இனப்பெருக்கம் செய்வது உறுதி; கூட்டை அகற்றியவர்கள் குளப் பாதுகாப்புக் குழுவினர் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். இன்றைக்குக் குளத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த இரண்டு வரிதான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வருவாராம். அதுவரை யாரும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. அப்போது ஒரு குஞ்சாவது நீந்த வேண்டும், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்த ஒருவர் தினமும் பார்த்து எழுத வேண்டுமாம். அறுபது பேரும் என்னைக் கைகாட்டினார்கள். நீங்கதானே எதிர்க்கடை என்றார் தலைவர்.

எனக்கு என்ன தெரியும்? வாய்க்கால் பக்கம் எதைப் பார்த்தாலும் கூடாகத் தெரிகிறது. மூன்று நாள் கண்ணும் கருத்துமாகக் காவல் காத்த ஒன்று யாருடையதோ பழைய சட்டை. துணி துவைக்க வருகிறவர்கள், கல் எறிகிறவர்கள், இன்னும் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிற நம் குழுக்காரர்கள், எல்லாரையும் கடையிலிருந்தே கத்தி விரட்டித் தொண்டை கட்டிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள்.

தம்பி, அன்றைக்குக் கூட்டத்தில் கோரையும் பாசியும் இருக்கட்டும் என்று நீ சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். இவங்களுக்குக் குளம் வேணாம், படம் எடுக்க ஒரு தொட்டி போதும் என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். ஊரோடு எதற்குப் பகை என்று நான் குனிந்துகொண்டேன். அவர்கள் சிரித்ததைவிட அதுதான் உனக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். நான் உன்னோடு எழுந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

இன்று காலை வாய்க்கால் பக்கத்தில் ஒரு முக்குளிப்பான் குவியல் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. இறங்குவதற்கு முன்னால் அலகால் பாசியை இழுத்து மூடியது. என் கண்ணால் பார்த்தேன். இது சட்டை இல்லை. எத்தனை நாளில் பொரிக்கும்? போனில் தேடினால் வரும் என்கிறார் உன் அத்தான். நான் தேட மாட்டேன், உன்னைத்தான் கேட்பேன். எழுதவும் வேண்டாம். வந்து, கரையில் நின்று, அறுபது பேர் முன்னாலும் என்னைத் திட்டிவிட்டுச் சொல். இந்தத் தடவை நான் குனிய மாட்டேன்.

கடை வாசலில் உட்கார்ந்து, ஒரு கண் குளத்திலும் ஒரு கண் தெருமுனையிலும் வைத்திருக்கும்
உன் அக்கா