மேசைமேல் நீ செய்த உப்பளம்

என் அன்பு மரகதம்,

நேற்றுச் சாயங்காலம் நம் பொம்மை ரயில் ஓடியது. நீ போய்ப் பத்து மாதம் கழித்து. இதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

தண்டவாளமும் ஒயரும் என் வேலை. மேசைமேல் இருக்கும் ஊர் முழுக்க நீ செய்தது. டீத்தூள் சக்கையைக் காயவைத்துச் சலித்து மண்ணாக்கினாய். தேங்காய் நாருக்குப் பச்சை பூசி உடைமரம் நட்டாய். உப்பளத்துக்குச் சுண்ணாம்புப் பொடி போதும் என்று நான் சொன்னதை மட்டும் நீ கேட்கவில்லை.

“தூத்துக்குடில இருந்துக்கிட்டு உப்புக்குப் பதிலா சுண்ணாம்பையா கொட்டுவாவ, அத்தான்?” என்று சிரித்தாய்.

மழைக்காலத்தில் உப்பு கசிந்தது. பக்கத்துத் தண்டவாளம் துருவேறி ரயில் நின்றுபோனது. “சொன்னா கேக்கவா செய்த? ஏளா, எல்லாத்தையும் கெடுத்துட்டியே!” என்று கத்தினேன். அதன்பிறகு ரயில் மேசை இருந்த மாடிக்கே நீ வரவில்லை. இரண்டு வாரத்தில் உனக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலாவது நான் வாய் திறந்திருக்கலாம். ஏன் திறக்கவில்லை?

போன மாதம் சுதா சென்னையிலிருந்து வந்தாள். பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறந்து கூட்டினாள். “இந்த உப்பையாவது சுரண்டி எடுத்துருதேன்ப்பா” என்று கத்தியை எடுத்தாள். “அதுல கைய வைக்காத!” என்று பெற்ற மகளிடமும் கத்திவிட்டேன். அழுதுகொண்டே ரயிலேறினாள். அப்புறம் போன் இல்லை.

அவள் போனபிறகுதான் குனிந்து பார்த்தேன். கரைந்து காய்ந்த உப்பு, வரப்போரம் மெல்லிய ஏடாகப் படிந்திருந்தது. ஊரைத் தாண்டும்போது பஸ் ஜன்னலில் பார்ப்போமே, அதே உப்புப் பாத்தி. சுண்ணாம்பில் இது வந்திருக்குமா?

உப்பைத் தொடவில்லை. தண்டவாளத்தைத்தான் பெயர்த்து, நாலு விரல் தள்ளி வளைத்துப் போட்டேன். முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. நேற்று ரயில் அந்த வளைவில் திரும்பியபோது, “ஏளா, பாத்தியா?” என்று திரும்பிக் கேட்டுவிட்டேன். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. உடனே சுவிட்சை அணைத்தேன்.

மேசையில் கடற்கரைக்கு நீ பென்சில் கோடு மட்டும்தான் போட்டிருக்கிறாய். தண்ணீருக்கு என்ன நிறம் கலக்க நினைத்தாய்? தெரியாது. எனக்கு வந்தபடி பூசுகிறேன்.

உன்னிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு எனக்குள்ளேயே கிடக்கிறது. சுதாவிடம் அப்படி விடமாட்டேன், மரகதம். இதை மடித்து வைத்ததும் அவளைக் கூப்பிடுகிறேன்.

உன் அத்தான்