எடைமேடை ஓரத்துக் கற்கள்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஆபீஸ் ஃபேன் பாதி வேகம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் லாரி வரிசைக்கு மென்பொருள் செய்கிறோம், வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் வேலை சென்னைக் கம்பெனிக்கு. நானும் கூட்டாளி கவிதாவும் அரியலூர் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் பழையபடி சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதுதான். மாட்டேன்.

மூன்று வழிகள்:
1. செல்போன் ஆப் (என் செல்லம்)
2. மிஸ்டு கால் கொடுத்தால் வரிசை எண்
3. வாசலில் டோக்கன் மெஷின்

ஒவ்வொன்றுக்கும் குறை எழுதினேன். கவிதா எட்டிப் பார்த்து, "ஆப்புக்கு ஒரு குறை, மத்ததுக்கு ஒம்போது. முடிவு பண்ணிட்டுதானே எழுதுன?"

கோபம். அவள் சொன்னது உண்மை என்பதால்.

எலுமிச்சம்பழம் வாங்க மறந்தாச்சு.

ஜூன் 10, செவ்வாய்

சுரங்க வாசல். செருப்புக்குள் வெள்ளைத் தூசி. ஆப்பை ஓட்டுநர்களிடம் காட்டப் போனேன். லாரிகளில் ஆளே இல்லை. எடைமேடை ஓரம் வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் வண்டி எண். இடம் பிடிக்கவாம். எல்லோரும் வேப்பமர நிழலில்.

செல்வராசு அண்ணன் என்றொரு ஓட்டுநர், கடைசிக் கல்லைத் தூக்கி முன்னால் வைத்தார்.

"அண்ணே, அது யார் கல்லு?"

"மீன்சுருட்டி ஊர்க்காரர்து. அவரு மவளப் பொண்ணு பாக்க வராங்க. சீக்கிரம் வூட்டுக்குப் போவணும்ல."

"கேட்ல சொன்னீங்களா?"

"கேட்ல எதுக்குங்க? பின்னால தள்ளிப் போறவங்கள கேட்டுட்டேன். போதாதா?"

ஆப்பை எடுக்கவே இல்லை. திரும்பிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

என் மூன்று வழியிலும் எண் கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. மூன்று வழி என்று நினைத்தது ஒரே ஆளுக்கு மூன்று சட்டை. அவமானம்.

புதிது: முந்த வேண்டியவர் கேட்கலாம். தள்ளிப் போகிறவர்களுக்கு போன் போகும், எல்லோரும் ஒன்றாம் எண்ணை அழுத்தினால் இடம் மாறும். ஒருவர் மறுத்தாலும் மாறாது. பட்டன் போனிலும் நடக்க வேண்டும், ஆகவே மிஸ்டு கால். மூன்று வார ஆப்பை அழித்தேன். அழுகை வந்தது, கொஞ்சம்.

ஜூன் 13, வெள்ளி

மேனேஜர்: "வரிசைய அவங்க கையில குடுத்தா அடிதடி ஆயிடும்மா."

"இப்பவும் அவங்க கையிலதான் சார் இருக்கு. வந்து பாருங்க."

வந்தார். கற்களைப் பார்த்தார். "ஒரு வாரம் ஓட்டுங்க. கல்ல எடுங்கன்னு நாம யாரும் சொல்லக் கூடாது. கல்லு வைக்கிறத அவங்களா விட்டா, வேல உங்களுக்கு."

ஜூன் 16, திங்கள்

மிஸ்டு கால் முதல் நாள். இன்னும் இருபத்திரண்டு கல். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை.

ஜூன் 19, வியாழன்

தூறல். ஒன்பது கல். செல்வராசு அண்ணன் கல்லை வரிசையில் தேடினேன், இல்லை. அதைத் தன் லாரி உருளாமல் பின் டயருக்கு அண்டை கொடுத்திருந்தார். சாக்பீஸ் எண் பாதி நனைந்து அழிந்திருந்தது.