நோயாளி வேஷமும் சிவப்புத் துணியும்

ஜூலை 2, செவ்வாய்

பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். எனக்கு எழுதவும் வராது, எழுதியதைப் படிக்கவும் வராது. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

நர்சிங் கல்லூரியில் நேற்று எனக்கு நெஞ்சுவலி. இன்று சர்க்கரை இறங்கிப்போச்சு. ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. பயிற்சி அறைக் கட்டிலில் நோயாளியாகப் படுத்துக்கிடப்பேன், பிள்ளைகள் என்னை வைத்துப் பழகுவார்கள். நோயாளியின் கதையை டீச்சர் ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வேன்.

இன்றைய கதை: "சர்க்கரைக்கு மாத்திரை போட்டேன். சாப்பிட நேரமில்லை. ஆள் குறைவு, மூணு பேர் வேலையை ஒருத்தியே பார்க்கிறேன். கை நடுங்குது. யார்கிட்டயும் சொல்லலை."

"ஒருத்தியா? மீசை இருக்கே டீச்சர்" என்றேன்.

"ஒருத்தன்னு மாத்திக்குங்க ஐயா. கதைதானே" என்று சிரித்தார்.

ஜூலை 4, வியாழன்

எனக்கு நிஜமாகவே முடியாமல் போனால் பிள்ளைகள் அதையும் நடிப்பு என்று நினைத்துவிடக் கூடாதாம். அதற்காகத் தலையணைக்கு அடியில் ஒரு சிவப்புத் துணி. அதைக் காட்டினால் பயிற்சி நின்றுவிட வேண்டும். டீச்சர் போட்ட விதி. இன்று தெரியாமல் அதை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டேன். பத்துப் பேர் ஓடிவந்து நாடி பிடித்தார்கள். வாயாடி என்று நான் கூப்பிடும் பெண் மட்டும், "தாத்தா, உங்களுக்கு ஜலதோஷம்னா எங்களுக்கு மாரடைப்பு வருது" என்றாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. அவருடைய தண்ணீர் பாட்டில் காலையில் வைத்த இடத்திலேயே, வைத்த அளவிலேயே இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

எப்படிச் சொல்வது?

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடம் நடத்தும்போதே திடீரென்று தரையில் சாய்ந்து மயங்கிக் கிடப்பார். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான். சாய்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் யாரும் இதைக் கவனித்ததில்லை. நான் கவனித்திருக்கிறேன்.

இன்று பதினொன்றே கால் இருக்கும். எனக்கு நெஞ்சுவலி வேஷம். "இப்ப நீங்க முதல்ல செய்ய வேண்டியது" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் சாய்ந்தார்.

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒருத்தி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தாள். "தோளைத் தட்டிக் கூப்பிடுறேன்" என்றாள் வாயாடி, தட்டாமல். "மூச்சு பார்க்கிறேன்" என்றாள் இன்னொருத்தி, நின்ற இடத்திலிருந்தே. ஒப்பிக்கிறார்கள்! நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே கிடந்தேன். முனகிக்கொண்டே! "ஒரு நிமிஷம் ஆச்சு" என்று கடிகாரக்காரி சொன்னது இன்னும் காதில் கேட்கிறது.

அப்புறம்தான் கட்டில் காலடியில் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு காம்பு உடைந்து கிடந்தது.

"ஏய், நிஜம்! இது நிஜம்!" என்று கத்தினேன்.

"தாத்தா இன்னைக்குப் பிரமாதம்" என்றது ஒரு குரல்.

சிவப்புத் துணியை உருவிச் சுருட்டி வாயாடி முகத்தில் எறிந்தேன். அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் டீச்சரைக் காட்டினேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அப்புறம் எல்லாக் கைகளும் வேலை செய்தன. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. "வாயில எதையும் ஊத்தாதீங்க!" என்று வாயாடி அலறினாள். பக்கத்துக் கட்டிடத்து டாக்டர் ஓடிவந்து நரம்பில் மருந்து ஏற்றினார்.

கண் திறந்ததும் டீச்சர் கேட்டது: "எத்தனை நிமிஷம் ஆச்சு?"

ஜூலை 10, புதன்

தூக்கமில்லை. மாத்திரை போட்டேன், சாப்பிட நேரமில்லை, யார்கிட்டயும் சொல்லலை. அது அவங்க கதைதானே! என் வாயால சொல்ல வெச்சிருக்காங்க. மீசைன்னு கேலி பண்ணினேனே பாவி, எனக்கு ஏன் உறைக்கலை?

ஜூலை 12, வெள்ளி

முதல்வரம்மா கூப்பிட்டனுப்பினார். நடந்ததை அறிக்கையாக எழுத வேண்டுமாம், நான் சாட்சியாம்.

"சாப்பிடாம வந்தது அவங்க கவனக்குறைவுதானே?" என்றார்.

ஜூன் பத்தாம் தேதி இரண்டு டீச்சர்கள் நின்றுபோனதில் ஆரம்பித்தேன். எந்த நாள் எந்த பேட்ச், எந்த மதியம் டீச்சர் உட்காரவே இல்லை, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"எழுதி வெச்சிருக்கீங்களா தாத்தா?" என்றார் குமாஸ்தா.

"எழுதத் தெரிஞ்சா மறந்திருப்பேன் தம்பி."

அவர் வருகைப் பதிவேட்டை விரித்து விரல் வைத்துப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு மேடம்."

முதல்வரம்மா பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எனக்காவது ஒரு துணி இருந்துச்சும்மா. அவங்களுக்கு என்ன இருந்துச்சு?"

அதிகப்பிரசங்கிதான் நான். சொல்லியாகிவிட்டது.

ஜூலை 18, வியாழன்

டீச்சர் வீட்டுக்குப் போனேன். வேலையை விட்டுவிடப் போகிறாராம். "இருபது வருஷமா இதையேதான் சொல்லிக்குடுக்கிறேன். நானே விழுந்தேன். இனிமே எந்த முகத்தோட ஐயா அவங்க முன்னாடி நிக்கிறது?"

"விழுந்தவங்களைத் தூக்கினது யாரு சொல்லிக்குடுத்த பிள்ளைங்க?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடைந்த காம்பில் பிளாஸ்திரி சுற்றியிருந்தார்.

ஜூலை 23, செவ்வாய்

புது ஆள் யாரோ வகுப்பெடுத்தார். என்னை "பொம்மை" என்றார்.

ஜூலை 29, திங்கள்

டீச்சர் வந்துவிட்டார்! இனி இரண்டு பேட்ச் மட்டும்தானாம்.

கட்டிலில் ஏறித் தலையணையைத் தூக்கினேன். சிவப்புத் துணி பாதிதான் இருந்தது. கத்தரித்த ஓரம் கோணல்மாணலாக. எலி வேலையா என்று பார்த்தேன்.

ஒரு மணிக்கு முதல்வரம்மா வாசலில் வந்து நின்றார். "மூணாவது பேட்சுக்கு ஆள் வரலை. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

டீச்சர் கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்பு. அதே கோணல் ஓரம்.

முதல்வரம்மா அந்தத் துணியையே பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "சரி, நானே எடுத்துக்கறேன்" என்று திரும்பிப் போனார். அவர் செருப்புச் சத்தம் படி இறங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எனக்கு அடுத்து இடுப்பு எலும்பு முறிய வேண்டும். இருபது நிமிஷம் முறியாமல் கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தேன்.