செடிக்காரிக்கு விமான டிக்கெட்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதே.

இங்கே ஒரு சின்னச் செய்தி. இளநிலை மாணவர்களின் சிறந்த ஆராய்ச்சிக்கான விருது என் அறைத்தோழி செடிக்காரிக்குக் கிடைத்துவிட்டது. உப்புத் தண்ணீரிலும் வளரும் தக்காளி அவளுடையது. அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நான். ஒரு நாளாவது மறந்து தொலைத்திருக்கலாம். மேடையில், "இவ இல்லன்னா எல்லாம் வாடிப்போயிருக்கும்" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நானும் அதே போட்டியில் இருந்தேனே!

பதக்கத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும். கூடவே, நம் பக்கத்து ஊரான அவள் ஊருக்குப் போய்வர விமான டிக்கெட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உங்கம்மாவையும் பாத்துட்டு வர்றேன்டி" என்கிறாள். வந்தால் உன் பழைய புடவை ஒன்றைக் கொடுத்தனுப்பு. ஜன்னலுக்குத் திரை வேண்டும். துவைக்காமலே கொடு.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் சின்னவள்

பி.கு.: நல்ல பெண்தான், சாப்பிட வைத்து அனுப்பு. என் தட்டில் மட்டும் பரிமாறாதே.