மேலத்தெருவில் கழற்றிய செருப்பு

வேம்பு,

கம்பங்கூழ் பானையில் இருக்கிறது, மோர் ஊற்றிக் குடி. நான் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன்; கால்விரல் கறுத்துவிட்டது. ஆணி ஏறியதே தெரியவில்லை. சர்க்கரை வந்த கால் அப்படித் தூங்குகிறது. போன வாரம் ஒரு தேள் கொட்டிப் பார்த்து அலுத்துப்போய்த் திரும்பிவிட்டது.

"செருப்பு போடச் சொன்னேனே, போட்டியாய்யா?" என்று நேற்று கட்டுப் போட்ட டாக்டர் கத்தினார்.

"போட்டேன் சார். மேலத்தெருவுல மட்டும் கையில வச்சுக்குவேன். நம்ம சனம் அங்க செருப்போட நடக்க முடியாதுங்க."

வெளியூர்க்காரர், விழித்தார்.

"போட்டுக்கிட்டே நடங்கப்பா" என்று நீயும் சண்டை போட்டாய். உன் அண்ணனைக் கட்டிவைத்து அடித்த புளியமரம் அங்கேதான் நிற்கிறது, தாயி.

அம்மாவிடம் கட்டு மாற்றப் போயிருப்பதாகச் சொல்.

அப்பா

பி.கு: காலை எடுத்துவிட்டால் அழாதே. இனி மேலத்தெருவில் ஒற்றைச் செருப்பைக் கழற்றினால் போதும்.