மேஸ்திரியின் ஓட்டில் வார்னிஷ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே நானும் அம்மாவும் சுகம். அந்த வரியில் உன் மேஸ்திரியையும் சேர்க்கலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. பதறாதே, ஆமை உயிரோடுதான் இருக்கிறது, கொஞ்சம் தின்கிறது. ஆனால் அன்றைக்குப் போனில் காட்டினேனே, ஓடு பளபளவென்று இருந்ததே, நீகூட “என்னைவிட நல்லா பாத்துக்கறீங்கப்பா” என்று சிரித்தாயே, அந்தப் பளபளப்பு நான் அடித்த வார்னிஷ். நீ அப்படிச் சொன்னபோது திருட்டுப் பயல் மாதிரி நானும் சிரித்து வைத்தேன்.

நம் கொல்லையை ஒட்டி மாடிக் கட்டடம் எழும்பியது உனக்குத் தெரியும். சுவர் ஏற ஏற வெயில் சுருங்கி, இப்போது மேஸ்திரியின் கூண்டுப் பக்கம் நாள் முழுக்க நிழல்தான், தரையில் ஈரம் காய்வதே இல்லை. அது கூண்டுக்குள் இருக்கும் மரப்பெட்டியிலேயே முடங்கிக் கிடந்தது. ஓடு வெளுத்து, ஓரம் செதில் செதிலாக உரிந்தது. நீ பார்த்தால் என்ன சொல்வாயோ என்று பயம் எனக்கு. வாழ்நாளெல்லாம் மரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு வேறென்ன தெரியும், மங்கினால் தேய், தேய்த்தால் பூசு. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, டப்பாவில் மிச்சமிருந்ததை அடித்தேன். அது தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அசையாமல் இருக்கிறதே, வேலைக்கு வசதி என்று நினைத்தேன் பார், அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, “ஊர்ல கதவெல்லாம் தீர்ந்துபோச்சா, வாயில்லா ஜீவன்தான் கெடச்சுதா” என்று கேட்டாள். நான்தான் கோபித்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் அது தீனியைத் தொடவில்லை. பிராணிகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா முகர்ந்து பார்த்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். வார்னிஷைக் கரைக்கிற தின்னர் வைத்துத் துடைத்தால் நிமிஷத்தில் போய்விடும் என்று நான் சொல்ல, “தின்னர் பக்கமே போகாதீங்க, அது கதவில்லைங்க, ஓட்டுக்குக் கீழ எலும்பு, தொட்டா அதுக்குத் தெரியும்” என்று போட்டார் ஒரு போடு. வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய்கூடப் பூசக்கூடாதாம். நேர் வெயில் வேண்டுமாம், கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாதாம், தீனியில் சுண்ணாம்புச் சத்து சேர வேண்டுமாம், படுக்கும் இடம் ஈரம் கோக்கக்கூடாதாம். வார்னிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் மெத்தென்று ஆன இடம் மறுபடி கெட்டிப்படுமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான்.

கூண்டைப் பிரித்து, செங்கல் அடுக்கி மேடாக்கி, தண்ணீர் வடிகிற மாதிரி காய்ந்த மண் கொட்டி, பாதிக்கு மட்டும் பலகைக் கூரை போட்டிருக்கிறேன். எல்லாம் செய்யலாம், வெயிலை எங்கே போய் வாங்குவது? அது இப்போது அந்தக் கட்டடத்து வாசல்படியில்தான் விழுகிறது. காய்கறிக் கூடையில் மேஸ்திரியை வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வந்து, “பெரியவரே, இங்கெல்லாம் உக்காரக்கூடாது, குடியிருக்கறவங்க சத்தம் போடுறாங்க” என்றான். இந்தக் கதவெல்லாம் நான் தேய்த்த கதவுப்பா என்றேன். “அதுக்கு?” என்றான். அவன் கேட்டதில் என்ன தப்பு? நம் தலைக்கு மேல் இருந்த வெயிலை வளைத்துப்போட்ட கட்டடக்காரனுக்குத்தான் நான் முகம் தெரிகிற மாதிரி கதவு மினுக்கிக் கொடுத்தேன், கும்பிடும் போட்டேன். எங்கள் வெயிலை மறைக்கிறாயே என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு எழும்பவில்லை. இப்போது தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெயில் இருக்கிறது, காலையில் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான். ஆமைக்காரர் என்று எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

நேற்று அது வெயிலில் கழுத்தை நீட்டியது. ஆசையாகக் கையைக் கொண்டுபோனேன், சட்டென்று உள்ளே போய்விட்டது. அம்மா கையிலிருந்து கீரை வாங்கித் தின்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் என் விரலில் அந்த வாசனை போவதில்லை, மகளே.

நீ நோய் நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இரு. வேலை செய்கிற இடத்தில் தப்பென்று பட்டால் அப்போதே கேட்டுவிடு, என்னை மாதிரி இருக்காதே. அடுத்த தடவை கூப்பிடும்போது மேஸ்திரியைக் காட்டச் சொல், மறந்துவிடாதே. நீ கேட்காவிட்டால் நான் மறுபடியும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன்.

உன் அப்பா