கடைக்கதவில் ஒட்டிய தாள்

அன்பு மகளுக்கு,

நீயும் மருமகனும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அம்மாவும் நலம். இந்தத் தடவை பேச்சுக்காகச் சொல்லவில்லை, டாக்டர் பார்த்துச் சொன்ன நலம். இரண்டு மாத மருந்துக்குப் பிறகு எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, எடையும் நாலு கிலோ கூடியிருக்கிறது. இன்னும் நாலு மாதம் மாத்திரை பாக்கி. ஒரு நாளும் விடமாட்டேன். போன வாரம் போனில் நீ அழுதபோது நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய், கோபமில்லை கண்ணு. கையில் கத்தரி இருந்தால்தான் எனக்குப் பேச்சு வரும் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். "ஏம்ப்பா, வியாதி வந்தா மருந்த சாப்பிட்டமா இருந்தமான்னு இல்லாம கடைக்கதவுல எழுதி ஒட்டணுமா, நாளைக்கு யாரு வந்து உங்க நாற்காலியில உக்காருவாங்க" என்றாய். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், அப்புறம் திட்டு. இருமல் ஆரம்பித்தபோது சலூன் பவுடர் தூசி என்றுதான் நினைத்தேன், அம்மா சொல்லியும் கேட்காமல் ஆறு வாரம் கஷாயத்தையே குடித்துக்கொண்டிருந்தேன். சட்டை தொளதொளவென்று ஆனதும்தான் போனேன். காசநோய் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு முதலில் என் நுரையீரல் ஞாபகத்துக்கு வரவில்லை. வாடிக்கையாளர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று மூச்சு விடுகிற தொழில் அல்லவா என்னுடையது, அதுதான் வந்தது. அன்றே கடையைப் பூட்டினேன். அம்மாவையும், பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிற உன் மாமாவையும் சோதித்தார்கள், இருவருக்கும் ஒன்றுமில்லை. நீ வந்து போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, அப்போது எனக்கு இருமலே கிடையாது, அதனால் உங்களுக்குப் பயமில்லை என்றார்கள்.

மாத்திரை கொடுக்கிற நர்ஸம்மா ரொம்பக் கறாரானவர். முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் நான் பதறிக்கொண்டு ஓடினேன், "மருந்து வேலை செய்யுது, போய் முட்டை சாப்பிடுங்க" என்று அனுப்பிவிட்டார். அவரிடம்தான் கேட்டேன், முடி வெட்டிக்கொண்டு போனவர்களையெல்லாம் என்ன செய்வது என்று. அரை மணி நேரம் உட்கார்ந்து போனவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை, நாள் முழுக்கக் கூடவே இருந்தவர்கள் வரட்டும், மற்றவர்களில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள் வந்தால் போதும் என்றார். உன் மாமா "கடை ரிப்பேருன்னு எழுதிருவோம் மச்சான்" என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்குக் காசநோய், சிகிச்சையில் இருக்கிறேன், இருமல் இருப்பவர்கள் சோதித்துக்கொள்ளுங்கள் என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன்.

காலையிலிருந்து மதியம் வரை கடையில் பேப்பர் படிக்கிற ஓய்வுபெற்ற தபால்காரரை மட்டும் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்றுதான் பேசினேன். "முப்பது வருஷமா உங்கிட்ட தலையக் குடுத்தேன், நீ எனக்கு நோயக் குடுக்கப் பாத்தியா" என்று கத்தினார், கதவையும் சாத்திக்கொண்டார். அன்று மட்டும் உன் மாமா சொன்னது சரியோ என்று பட்டது. மறுநாள் அவர் மருமகள் பிடிவாதமாகக் கூட்டிப்போய்ச் சோதித்தாள். அவருக்கும் இருந்தது, எனக்கு முந்தியே தொடங்கியிருக்கலாமாம். இப்போது இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் மாத்திரை வாங்குகிறோம். யார் யாருக்குக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் பேப்பரை மடித்து எனக்குப் பாதி கொடுக்கிறார்.

டாக்டர் சரி என்ற பிறகு போன திங்கள்கிழமை கடையைத் திறந்தேன். ஜன்னல்களையெல்லாம் அகலத் திறந்து வைத்திருக்கிறேன். பதினோரு மணி வரை ஈ காக்கை இல்லை. மாமா ஒரே கண்ணாடியை நாலு முறை துடைத்தான். இனி யாரும் வரமாட்டார்களோ என்று நினைத்தது உண்மை, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும். அப்போது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள், தையல் கம்பெனியில் வேலை செய்பவள், முகம் தெரியும், பேசியதில்லை. உள்ளே வராமல் மெதுவாகக் கேட்டாள், "அண்ணே, எங்க வீட்டுக்காரரு ஒன்றரை மாசமா இருமுறாரு, யாருகிட்டயும் சொல்லக்கூடாதுங்குறாரு. நீங்க எங்க போனீங்க, வலிக்குமா, வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா." நான் மாமாவிடம் கடையை விட்டுவிட்டு அவளோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். அவள் புருஷன் என்னை மேலும் கீழும் பார்த்தான், என் சட்டை இப்போது உடம்புக்குச் சரியாக இருப்பதைக் காட்டினேன். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். எல்லாருமாக நீண்ட ஆயுளோடு இருங்கள். நாள் முழுக்க நாற்காலியிலேயே கிடக்காதே, மணிக்கு ஒரு தரம் எழுந்து நட, காலைச் சாப்பாட்டை விடாதே. குட்டியின் அடுத்த தடுப்பூசித் தேதியை எழுதி அனுப்பு, மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா